திருக்கோயிற் கல்வெட்டுக்களும் வயற்பெயர்களும்

குடமுழுக்கு நிகழும் திருக்கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் முதற்கண் விமானத்தையும் அதன் உச்சியில் ஒளிரும் குடத்தையும் கண்டு கைகூப்புவர். பின்னர்த் திருவுருவங்களை வழிபடுவர். தூண்களிலும் கோட்டங்களிலும் உள்ள சிற்பங்களை வியப்பர். அடித்தளத்தின் பட்டிகையிலும் குமுதத்திலும், எண்ணெயும் சுண்ணமும் படிந்து, கண்மட்டத்திற்குக் கீழே கிடக்கும் எழுத்துக்களைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலரே. அங்ஙனம் நோக்குவோரும் பெரும்பாலும் அரசன் பெயரையும் ஆட்சியாண்டையும் தேடி, கோயில் இன்ன காலத்தது என்று தெரிந்தவளவில் நிறைவெய்திச் சென்றுவிடுவர். ஆயின், அவ்வெழுத்துக்களின் பெரும்பகுதி அரசரைப் பற்றியதன்று. மெய்க்கீர்த்தி முடிந்தபின் வருவன யாவும் ஊரைப் பற்றியனவே. இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இன்ன குளத்தின் மீகரைக்குக் கிழக்கு, இன்ன மரத்திற்குத் தெற்கு என்று வரி வரியாகச் செல்லும் அப்பகுதியைப் படிப்போர் சுவையற்றது என்று தள்ளிவிடுவதுண்டு. இறைவனுக்கு உரிய நிலம் எது என்பதும், அந்நிலத்தை நம் முன்னோர் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதும் அங்கேதான் உள்ளன. அவற்றைப் பற்றியே ஈண்டு எழுதப்புகுந்தோம்.

ஓர் ஊரைத் திருக்கோயிலுக்குத் தேவதானமாகக் கொடுத்தல் என்பது சோழர் காலத்தில் வாய்ச்சொல்லால் முடிந்த செயலன்று. அரசனது ஆணை திருமுகமாக எழுதப்பெற்று அந்நாட்டார்க்குச் செல்லும். நாட்டார் எதிர்சென்று தொழுது, அதனைத் தலைமேற் கொள்வர். பின்னர்ப் பெண்யானை ஒன்றை முன்னே நடக்கவிட்டு, அதனைத் தொடர்ந்து ஊரின் எல்லையைச் சுற்றி வருவர். இதனைப் 'பிடி சூழ்தல்' என்றும், 'பிடாகை நடத்தல்' என்றும் செப்பேடுகள் குறிக்கின்றன. நடந்த வழியெங்கும் கல்லை நட்டுக் கள்ளியையும் நடுவர். கல் பெயர்க்கப்பட்டாலும் கள்ளி தழைத்து நிற்கும். கள்ளி பட்டுப்போனாலும் கல் கிடக்கும். ஒன்றற்கு ஒன்று சான்றாக இரண்டையும் நாட்டிய அவ்வறிவு போற்றத்தக்கது. அதன்மேலும் ஒன்று செய்தனர். நடந்த எல்லையிற் கண்ட ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லி எழுதிவைத்தனர். கல்லும் கள்ளியும் இரண்டும் அழிந்தாலும் பெயர் நிற்கும் என்பது அவர்தம் எண்ணம் போலும்.

முதலாம் இராசேந்திர சோழனது ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது கி. பி. 1018-ஐ ஒட்டி, பழையனூர் என்னும் ஊர் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளிக்கப்பெற்றது. அக்கொடையைக் கூறும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 இதழ்களையுடையன. ஆனைமங்கலச் செப்பேடுகளும் இத்தகையனவே. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய நாட்டு மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியை அவை கூறுகின்றன. லெய்டன் செப்பேடுகள் என்று உலகம் அறிந்தவை அவையே. 21 இதழ்களுள் வடமொழிப் பகுதி 5 இதழ்களில் அடங்க, தமிழ்ப் பகுதி 16 இதழ்கள் நீண்டு செல்கின்றது. என்னை? வடமொழிப் பகுதி அரசமரபின் புகழைப் பாடுகின்றது. தமிழ்ப் பகுதியோ 97 வேலிக்கு மேற்பட்ட நிலத்தின் எல்லையை அடி அடியாக நடந்து காட்டுகின்றது. சைவனாகிய மன்னன் புத்தப் பள்ளிக்குக் கொடுத்த நிலத்தையும் அதே கருத்தோடு அளந்து பெயர் குறித்தான் என்பது நினையத்தக்கது.

இவ்வெல்லைப் பகுதிகளுக்கு ஒரு முறை உண்டு. கீழ்பாற்கெல்லையில் தொடங்கித் தென்பால், மேல்பால், வடபால் என்று வலமாகச் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். இறைவனை வலம் வருவது போலவே நிலத்தையும் வலம் வந்தனர். வழியில் வாய்க்காலும் குளமும் மட்டுமா கூறப்படுகின்றன? புற்றும், தெற்றியும், தனித்து நின்ற மரமும், மேடும், பள்ளமும் பெயர் பெறுகின்றன. எல்லை கூறி முடித்தபின் அதனுள் அடங்கிய யாவற்றையும் தொகுத்துக் கூறும்போது, கன்று மேயும் பாழ் நிலம், மீன் திரியும் பள்ளம், தேனடை தொங்கும் சோலை, ஆற்றின் படுகை, உடும்பு ஓடுமிடம், ஆமை தவழுமிடம் என்று ஒன்றும் விடாது எழுதினர். வழக்கு மன்றத்திற்கு உரிய ஆவணம் ஒன்று இத்துணை அழகுடையதாய் அமைதல் அரிது. எழுதியவர் அழகை நாடி எழுதினாரல்லர். ஒரு சாண் நிலமும் விட்டுப்போகலாகாது என்னும் கவலையே அவரை அவ்வாறு எழுதச்செய்தது.

நிற்க. இராசராசன் எடுப்பித்த தஞ்சை இராசராசேச்சரத்திற்கு வருவோம். அவன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், கி. பி. 1010-இல், ஸ்ரீவிமானத்து உச்சியில் வைப்பதற்குச் செப்புக்குடம் அளித்தான் என்று அக்கோயிற் கல்வெட்டே கூறுகின்றது. குடமுழுக்கு மலரில் இந்நாள் நினைக்கப்பெறுதல் பொருத்தமே. அதே விமானத்தின் புறச்சுவரில், அக்கோயிலுக்கு இறை செலுத்துமாறு விடப்பட்ட ஊர்களின் பட்டியல் நெடிதாகப் பொறிக்கப்பட்டுள்ளது. சோழ மண்டலத்து ஊர்களேயன்றி, மும்முடிச்சோழ மண்டலம் எனப் பெயரிடப்பெற்ற ஈழத்து ஊர்களும் அக்கோயிற் கல்வெட்டுக்களில் உள. ஒவ்வோர் ஊருக்கும் மொத்த நிலம் இவ்வளவு, அதனுள் இறையிலியாகக் கழிப்பது இவ்வளவு, எஞ்சியது இவ்வளவு, அதற்குரிய நெல் ஆடவல்லான் என்னும் மரக்காலால் இவ்வளவு என்று கணக்கிடப்பட்டுள்ளது. வேலி, மா, காணி என்பவற்றோடு அமையாமல், முந்திரிகையும் கீழ்முந்திரிகையும் வரை கணக்குச் செல்கின்றது. முந்திரிகை என்பது 320-இல் ஒரு கூறு. கீழ்முந்திரிகை அதனை மீண்டும் 320 ஆகப் பகுத்ததில் ஒரு கூறு. இன்றைய தஞ்சை வழக்கில் மூன்று மா ஓர் ஏக்கர். இருபது மா ஒரு வேலி. அவ்வேலியை ஓர் இலட்சம் கூறுகட்கு மேல் பகுத்துக் கணக்கு எழுதினர் என்றால், அக்கணக்கரது பொறுமையை என்னென்பது!

ஆனால் நம் கருத்தை ஈர்ப்பது அவ்வெண்களினும் இறையிலி என்று கழிக்கப்பட்ட இடங்களின் பட்டியலே. ஊர் நத்தம், ஸ்ரீகோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் சென்று புறவூர்க்குப் பாயும் வாய்க்கால்கள், நெல்லடிக்கும் களங்கள் ஆகியன கூறப்பட்டுள்ளன. சிவன் கோயிலோடு பிடாரி கோயில், ஐயன் கோயில், சேட்டையார் கோயில், காடுகாள் கோயில் என்பனவும் உரிய நிலத்தோடு குறிக்கப்பெறுகின்றன. கம்மாணச்சேரி, வண்ணாரச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி என்று உழைக்கும் மக்கள் வாழ்ந்த தெருக்கள் யாவும் இடம்பெற்றுள்ளன. அவரவர் சுடுகாடும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளது. தீண்டாச்சேரி என்னும் சொல்லும் அங்கே இருக்கின்றது. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே அச்சொல் கல்லில் ஏறிவிட்டதே என்று படிப்போர் உள்ளம் நாணும், நாணுதல் தகும். ஆயினும் அதனையும் மறையாது எழுதிவைத்த கல்லினாலன்றோ அக்காலத்து ஊரின் உண்மை வடிவம் நமக்குத் தெரிகின்றது? பெருமையை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதுவோர்க்கு அக்கல் ஒரு பாடமாக அமைந்துள்ளது.

பிரமதேய ஊர்களில் நிலத்தைக் குறிக்க வேறொரு முறை இருந்தது. குடவோலைத் தேர்தலைக் கூறும் முதற் பராந்தகனது 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்களால் உத்தரமேரூர் எங்கும் அறியப்பட்ட ஊராயிற்று. அவ்வூரின் பிற கல்வெட்டுக்களைக் கேட்பார் குறைவு. அவற்றில் நிலமானது, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்று, இத்தனையாம் சதுரம் என்று சுட்டப்படுகின்றது. வதி என்பது வடக்குத் தெற்காகச் செல்லும் வழி. வாய்க்கால் கிழக்கு மேற்காக ஓடும். அவ்விரண்டும் கட்டம் கட்டமாக ஊரை வகுக்க, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண் அமைந்தது. இன்று நகர்களில் குறுக்குத் தெரு, கதவு எண் என்று முகவரி எழுதுகின்றோமே, அதனை ஒத்த முகவரி அன்று நெல் வயலுக்கு இருந்தது. வெறும் எண்ணோடு நில்லாமல், வதிகளுக்கும் வாய்க்கால்களுக்கும் தெய்வங்களின் பெயரும் அரசர், அரசியரின் சிறப்புப் பெயரும் சூட்டப்பெற்றன. அவ்வூரின் பேரேரி வைரமேக தடாகம் என்று பல்லவ மன்னனது பெயரைத் தாங்கியது.

நீர்நிலைகள் தாங்கிய பெயரே நெடுங்காலம் நிலைத்தது என்பது ஆராய்வார்க்கு வியப்பளிக்கும் உண்மையாகும். இராசராசனும் இராசேந்திரனும் தம் மண்டலங்கட்கும் வளநாடுகட்கும் இட்ட பெயர்களுள் இன்று மக்கள் நாவில் வழங்குவன எத்தனை? ஏறக்குறைய ஒன்றும் இல்லை எனலாம். ஆனால், இராசராசனது உய்யக்கொண்டான் என்னும் பெயர் திருச்சிராப்பள்ளியில் வாய்க்காலாக ஓடுகின்றது. இராசேந்திரனது முடிகொண்டான் என்னும் பெயர் குடந்தைக்குக் கிழக்கே ஆறாக ஓடுகின்றது. வீரசோழன் ஆறும் விக்கிரமன் ஆறும் அங்ஙனமே. பராந்தகனுக்கு உரிய வீரநாராயணன் என்னும் பெயர் வீரநாராயண ஏரிக்கு ஆகி, உழவர் வாயில் வீராணம் என்று குறுகி, 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகர்க்குக் குடிநீராகவும் செல்கின்றது. நாடாண்ட பெயர் மறைந்தது. நீராண்ட பெயர் நின்றது. மடை திறப்பவன் நாள்தோறும் சொல்ல வேண்டிய பெயராதலின் அது மறக்கப்படவில்லை.

மேடும் திடலும் தோப்பும் தாங்கிய பெயர்களின் பயன் இதனினும் பெரிது. கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கியது. அக்கோயில் மதிலின் கற்கள் 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்துக் கீழணை கட்டும் பணிக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. அரண்மனையோ மண்மேலே ஒரு செங்கல்லும் தெரியாதவாறு அழிந்தொழிந்தது. ஆயினும் அவ்வூரார் ஓரிடத்தை மாளிகைமேடு என்றே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தனர். அருகிலுள்ள ஊர்களோ உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்னும் பெயருடையன. 1980 முதலாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் மாளிகைமேட்டை அகழ்ந்தபோது, செங்கற் சுவர்களும், கூரை ஓடுகளும், சீனத்துப் பீங்கான் ஓடுகளும் வெளிப்பட்டன. ஆடு மாடு மேய்ப்போரும் களை பறிப்போரும் பொருளறியாமலே காத்துவந்த ஒரு சொல், மண்ணுள் மறைந்த அரண்மனையின் வாயிலைக் காட்டிற்று. குடந்தையை அடுத்த பழையாறையைச் சூழ்ந்தும் இத்தகைய பெயர்கள் உண்டு. சோழன்மாளிகை என்பது ஓர் ஊர். ஆரியப்படையூர், பம்பப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்பன, அங்கே நின்ற படைகளின் நினைவை ஏந்திய நான்கு சிற்றூர்கள்.

திருப்புறம்பியத்தில், கி. பி. 880-ஐ ஒட்டி நிகழ்ந்த பெரும்போரில் கங்க மன்னன் பிருதிவிபதி உயிர் துறந்தான். பல்லவர்க்கும் பாண்டியர்க்கும் இடையே நிகழ்ந்த அப்போரின் பயனாகச் சோழர் தலையெடுத்தனர். அவ்வூரிற் பிறந்த வரலாற்றறிஞர் தி. வை. சதாசிவப் பண்டாரத்தார், தம் ஊரில் 'உதிரம் வடிந்த தோப்பு' என்று வழங்கும் இடத்தையும், பள்ளிப்படையையும், கச்சியாண்டவர் கோயிலையும் அப்போரோடு இயைத்துக் காட்டியுள்ளார். அந்நாட்டிற் பிறந்து அம்மக்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒருவராலன்றி, ஒரு தோப்பின் பெயர் இங்ஙனம் வரலாற்று நூலில் ஏறியிராது.

பாண்டி நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வினால் கீழடி உலகம் அறிந்த ஊராயிற்று. அகழ்ந்த தோப்பின் பெயர் பள்ளிச்சந்தைத் திடல். சந்தை கூடிய இடம் என்றே கேட்போர் கருதக்கூடும். கல்வெட்டு மொழியிற் பயின்றோர்க்கு, சமண பௌத்தப் பள்ளிகட்கு விடப்பட்ட நிலமாகிய பள்ளிச்சந்தம் என்னும் சொல்லே நினைவிற்கு வரும். ஓரெழுத்து மாறியதும் அறநிலம் அங்காடி ஆகிவிட்டது போலும்! இதனாற்றான் நாட்டு வழக்கில் உள்ள பெயரைத் திருத்தாமல், அவர்கள் ஒலிக்கும்படியே எழுதவேண்டும் என்பது. கற்றோர் திருத்தத்தால் அழிந்த பெயர்கள் கல்லாதார் மறதியால் அழிந்தவற்றிற்குக் குறைந்தனவல்ல. கோயில் விளக்கிற்கு விட்ட நிலம் திருவிளக்குப்புறம். மடத்திற்கு விட்டது மடப்புறம். நந்தவனத்திற்கு விட்டது திருநந்தவனப்புறம். மேளம் முழக்குவோர்க்கு விட்டது உவச்சக்காணி. போரில் இறந்தார் குடிக்கு விட்டது உதிரப்பட்டி. இவற்றுள் 'புறம்' என்பதனைப் 'புரம்' என்று ஒருவர் அழகுபடுத்தி எழுதிவிட்டால், மானியம் நகரமாகிவிடும்; பின்வருவோர் நகரத்தைத் தேடி அலைவர்.

நிலத்தின் பெயரோடு நிலத்தில் நிற்கும் அடையாளங்களையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். சிவன் கோயில் நிலத்தின் எல்லையிற் சூலம் பொறித்த கல்லும், திருமால் கோயில் நிலத்தில் திருவாழிக் கல்லும், சமணப் பள்ளியின் நிலத்தில் முக்குடை பொறித்த கல்லும் நாட்டப்பெற்றன. வரப்போரத்திற் கிடக்கும் சூலக்கல்லைத் தெய்வமென்று மஞ்சள் பூசி வழிபடுவார் இன்றும் உளர், அவர்களை எள்ளற்க. அவ்வழிபாட்டினாலேயே சில கற்கள் இடம்பெயராமல் நின்றன. வழிபாடு இல்லாத கற்கள் துவைகல்லாகவும் வாய்க்காற் பாலமாகவும் ஆயின. ஆவுரிஞ்சுகல் என்று, மாடுகள் தம் உடலை உராய்ந்துகொள்ளுமாறு குளக்கரையில் நட்ட கல் உண்டு. வாயில்லா உயிரின் தினவிற்கும் அறம் செய்த நாடு இது. சுமைதாங்கி என்பதோ உள்ளத்தை உருக்குவது. கருவுற்றிருந்தபோதே இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்க இயலாமற்போன சுமையை எண்ணி, வழிச்செல்வோர் தம் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறுமாறு இரு கல் நட்டு ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தினர். பலவற்றில் எழுத்தில்லை. ஊராரின் நினைவு ஒன்றே அதற்குக் கல்வெட்டு. சாலையை அகலப்படுத்துவோர்க்கு அது மூன்று துண்டுக் கல். பெயர்த்து ஓரத்தில் எறிந்துவிட்டால், அப்பெண்ணைப் பற்றிய நினைவும் அன்றோடு முடிந்தது.

கோபுரமும் ஓர் அடையாளமே. 1802-இல் சென்னையில் லாம்டன் என்பார் தொடங்கிய முக்கோண நில அளவைக்குத் தென்னாட்டுச் சமவெளியில் மலைகள் இல்லாத இடங்களில் கோயிற் கோபுரங்களே நிலைகளாக உதவின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்தில் அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை ஏற்றும்போது, கயிறு தளர்ந்து, அக்கருவி சுவரில் மோதி ஊறுபட்டது. லாம்டன் மனந்தளராது அதனைத் தாமே செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார். இராசராசன் அளந்த நிலத்தை மீண்டும் அளக்க வந்தவரும் அவன் எடுத்த கோயிலின்மேல் ஏறியே அளக்கவேண்டியிருந்தது.

அவ்வளவையின் பின்னர் ஊர்தோறும் நிலங்கள் எண் பெற்றன. முன்னர்ப் பைமாஷ் எண், பின்னர்ப் புல எண், அதன் உட்பிரிவு என்று கணக்கு வளர்ந்தது. எண் வந்ததனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. வரி ஒழுங்காயிற்று, வழக்கும் குறைந்தது. ஆனால், எண் வந்த இடத்தில் பெயர் தேவையற்றதாயிற்று. 1858-இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகளில் கோயில் மானியங்கள் எழுதப்பெற்றன. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது உட்பிரிவுகளும் எண்களும் பல ஊர்களில் மாறின. இடையே, 1980-ஆம் ஆண்டில், பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் நீக்கப்பெற்றன. அந்நீக்கம் தக்கதா அன்றா என்பது ஈண்டு ஆராய்ச்சியன்று. தந்தை சொல்லக் கேட்டு மைந்தன் அறிந்த வயற்பெயர்க் கணக்கு அத்தோடு பெரும்பாலும் அறுந்தது என்பதே நாம் கூறவந்தது.

இதனாற் கோயில்கட்கு என்ன இழப்பு என்று சிலர் வினவலாம். கல்வெட்டில் ஓர் எல்லை இருக்கின்றது. அது வாய்க்காலின் பெயரால் அமைந்தது. பதிவேட்டில் ஓர் எண் இருக்கின்றது. அதில் வாய்க்காலின் பெயர் இல்லை. இவ்விரண்டையும் இணைக்கும் பாலம், அவ்வாய்க்காலை இன்றும் பெயர் சொல்லி அழைக்கும் முதியவர் ஒருவரே. அவர் உள்ளவரை, இறைவனுக்கு விட்ட மா நிலம் எது என்று சுட்டிக்காட்ட இயலும். அவர் மறைந்தபின், கல்வெட்டு வெறும் பழம்பெருமையாகவும், எண் வெறும் தாளாகவும் நின்றுவிடும். இடையில் உள்ள நிலம் யார் கையில் இருக்கின்றதோ அவர்க்கே ஆகும். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு இருக்கவேண்டும் என்று விதிக்கின்றது. அப்பதிவேட்டில் எண்ணுக்கு எதிரே பெயரையும் எழுதுவதற்குத் தடை ஏதும் இல்லை.

ஊர்ப்பெயர்களுக்கு நாட்டில் ஓரளவு நல்வாய்ப்பு உண்டு. ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் 'ஊரும் பேரும்' 1946-இல் வெளிவந்து, ஊர்ப்பெயரின் இனிமையைத் தமிழ் மக்களுக்கு உணர்த்திற்று. ரங்காசாரியார் 1919-இலேயே சென்னை மாகாணத்துக் கல்வெட்டுக்களை ஊர்வாரியாகத் தொகுத்தளித்தார். எ. சுப்பராயலு கல்வெட்டுக்களில் வரும் ஊர்களை வரைபடத்திற் குறித்து, சோழ மண்டலத்து நாடுகளின் எல்லையை 1973-இல் வெளிவந்த நூலிற் காட்டினார். 2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றும் அரசாணை வெளிவந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டபோது, நாடெங்கும் அது பேச்சாயிற்று. ஊர்ப்பெயருக்கு இத்துணைப் பேர் உளர். ஊருக்குள் இருக்கும் மடைக்கும் மேட்டுக்கும் யாரும் இலர். அவை எந்நூலிலும் ஏறாதவை. ஓரூரின் வயற்பெயரை அடுத்த ஊரார் அறியார்.

திருப்பணிக் காலமே இதில் மிகுந்த விழிப்புடன் இருக்கவேண்டிய காலம். பழுது பார்க்கும் ஆர்வத்தாற் கல்வெட்டுக்கள் அழிந்த இடங்கள் பல. மணல் வீச்சினாற் சுவரைத் தூய்மை செய்யும்போது எழுத்தின் விளிம்பு தேய்ந்து மறைகின்றது. தளத்தை உயர்த்திப் பளிங்குக்கல் பதிக்கும்போது அடிப்பட்டிகையின் எழுத்து மண்ணுள் மூழ்குகின்றது. கல்லைக் கழற்றி மீண்டும் அடுக்கும்போது வரிசை மாறி, ஒரு வரியின் தலை கிழக்கிலும் வால் மேற்கிலுமாகக் கிடக்கின்றன. யாரும் தீய எண்ணத்தாற் செய்வதன்று, பத்தியாற் செய்வதே. அதனாற்றான் சொல்லவேண்டியிருக்கின்றது.

முன்னோர் இதற்கும் வழிகாட்டியுள்ளனர். செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவலில் கற்றளி எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதிய சுவரிற் பொறிக்கச் செய்தார். இது பழங்கற்படி என்னும் குறிப்பும் உடன் எழுதப்பட்டது. படியை மூலமென்று காட்டாத அந்நேர்மை போற்றுதற்குரியது. திருமழபாடியில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், கி. பி. 1013-ஐ ஒட்டி, அக்கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதுப்பிக்குமாறு ஆணையிட்டான். அவ்வாணையிலேயே, முதலில் விமானத்திலுள்ள கல்வெட்டுக்களை ஒரு புத்தகத்தில் எழுதிக்கொள்ளவேண்டும் என்றும் பணித்தான். பணி முடிவதற்குள் அவன் மறைந்தான். மைந்தன் இராசேந்திரனது 14-ஆம் ஆட்சியாண்டில், 1026-ஐ ஒட்டி, புத்தகத்தில் இருந்தவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. ஏறத்தாழ 13 ஆண்டுகள், ஒரு கோயிலின் உடைமை முழுவதும் ஓர் ஏட்டுக்கட்டினுள் காக்கப்பட்டிருந்தது. அக்கட்டினை யார் காத்தாரோ, அவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

திருப்பணி செய்வோர் கல்லிற் கைவைக்குமுன் மைப்படியும் நிழற்படமும் எடுத்துவைத்தல் கடினமன்று; தொல்லியல் துறையினரை நாடினால் உதவுவர். வயற்பெயரைத் தொகுத்தலோ ஊரார் தாமே செய்யவேண்டிய பணி. யாரைக் கேட்பது என்பதில் ஒரு சொல். பட்டா உடையவரைக் கேட்டால் எண்ணைச் சொல்லுவார். தண்ணீர் பாய்ச்சுவோர், நாற்று நடும் பெண்டிர், ஆடு மேய்ப்போர், சேரியில் வாழும் முதிய உழவர் ஆகியோரைக் கேட்டாற் பெயரைச் சொல்லுவர். சேற்றில் நின்றவர்க்கே அவை தெரியும். இராசராசனது கணக்கர் வண்ணாரச்சேரியையும் சுடுகாட்டையும் விடாது எழுதினர். நாம் அம்மக்களைக் கேளாது எழுதினால் நம் ஏடு அக்கல்லினுங் குறைபட்டதாகும்.

நடவுக்கு முன்னர், வரப்புத் தெரியும் கோடை நாளில், முதியவர் இருவரை அழைத்துக்கொண்டு கீழ்பாலிலிருந்து வலமாக ஊரைச் சுற்றி வருக. ஒவ்வொரு மடை, குளம், மேடு, திடல், கல், மரம் ஆகியவற்றின் பெயரை அவர் வாய்ச்சொற்படியே எழுதுக. அருகே இன்றைய புல எண்ணைக் குறிக்க. மா, குழி அளவு தெரிந்தால் அதனையும், சொன்னவர் பெயரும் நாளும் அடியில் எழுதுக. இருவர் இருவேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுக. படிகள் மூன்று எடுத்து, ஒன்றைக் கோயிற் பேழையிலும், ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்றை ஊர்ப் பள்ளி நூலகத்திலும் வைக்க.